கோபரோக் குன்றும் அதன் பெண்களும்

எமது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்தவர்களில் டஃபோடில் கவிதையை அறியாதவர் எவரும் இருக்கமாட்டார். வில்லியம் வேர்ட்ஸ்வேர்த் எழுதிய அந்த நான்கு செய்யுட்களையும் பாடமாக்கினோம். ஆங்கில தினப் போட்டிகளில் கைகளை விரித்து ஒப்புவித்தோம். 1990களில் படித்த எங்களுக்கு அந்தப் பாடத்தோடு ஜாம் போத்தல் விளக்கின் மண்ணெண்ணெய் மணமும் சேர்ந்தே நினைவுக்கு வரும். பூவை மட்டும் ஒருவரும் கண்டதில்லை. வேலியில் நின்ற பூவரசின் மஞ்சள் பூவை வைத்து ஒருவாறு கற்பனை செய்துகொண்டோம்.

கவிதையில் ஒருவர் தனியாகத் திரிகிறார். தற்செயலாக ஏரிக்கரையில் ஒரு பூக்கூட்டத்தைக் காண்கிறார். பின்னொரு நாள் வீட்டில் படுத்திருக்கும்போது அந்தக் காட்சி மனத்தில் எழுந்து அவரை மகிழ்விக்கிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் அதற்குப் பின்னால் ஓர் உண்மையான நாளும் ஓர் உண்மையான இடமும் இருக்கின்றன. அந்த நாளில் அவர் தனியாக இருக்கவில்லை. அந்த இடம் இன்று எவரும் அனுமதி கேளாமல் ஏறக்கூடிய குன்றாக இருப்பதும் அவரால் அல்ல. இரண்டிலும் பெண்களின் கை இருக்கிறது. அவர்களைப் பற்றி எழுத, ஒரு பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு மலரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் குன்றின் பெயர் கோபரோ. இங்கிலாந்தின் வடமேற்கே கம்பிரியாவில், ஏரி மாவட்டம் என்று அழைக்கப்படும் மலைநாட்டில், அல்ஸ்வோட்டர் என்ற நீண்ட ஏரியின் வடகரையில் அது நிற்கிறது. உயரம் 481 மீற்றர். நுவரெலியா நகரமே கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றரில் இருக்கிறது என்பதை நினைத்தால், இதையும் மலை என்பதா என்று கேட்கத் தோன்றும். அந்த ஊர்க்காரரும் மலை என்று சொல்வதில்லை, 'ஃபெல்' என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே குடியேறிய ஸ்கன்டிநேவியர்கள் விட்டுப்போன சொல் அது. கல்மதில்களுக்கு மேலே, பயிர் செய்ய முடியாமல், ஆடு மேய்வதற்கென்று விடப்பட்ட உயர்நிலம் என்று பொருள் கொள்ளலாம். அல்பிரட் வெய்ன்ரைட் என்ற நகரசபைக் கணக்காளர், ஓய்வு நாட்களில் ஏறியிறங்கித் தம் கையாலேயே எழுதி வரைந்த ஏழு வழிகாட்டி நூல்களில் 214 ஃபெல்கள் இடம்பெற்றுள்ளன. 1955இல் வந்த முதல் நூலிலேயே கோபரோவும் இருக்கிறது. பெரிய சிகரங்களுக்கு நடுவே அடக்கமான ஒரு குன்று.

நடுக்காலத்தில் இருந்தே கோபரோ ஒரு மான்பூங்காவாக இருந்தது. பிரபுக்கள் வேட்டையாடுவதற்காக வேலியடைத்து வைத்த நிலம். 1780களில் நோர்ஃபோக் கோமகன் அடிவாரத்தில் கோட்டை போன்ற முகப்புடன் ஒரு வேட்டை மாளிகை கட்டினார். லியுல்ஃப் கோபுரம் என்ற அந்தக் கட்டடத்தை இன்றும் வீதியிலிருந்து காணலாம். இந்த வேலியை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

இனி அந்த நாள். 1802 ஏப்ரல் 15, வியாழக்கிழமை. வில்லியமுக்கு 32 வயது. அவருடைய தங்கை டொரதிக்கு 30. இருவரும் ஏரியின் கீழ்முனையில் யூஸ்மியர் என்ற வீட்டில் தங்கியிருந்துவிட்டு, கிராஸ்மியரில் இருந்த தம் வீட்டுக்குக் கால்நடையாகத் திரும்பினார்கள். யூஸ்மியர் தோமஸ் கிளார்க்சனின் வீடு. அடிமை வியாபாரத்துக்கு எதிராக இங்கிலாந்து முழுவதும் சுற்றி ஆதாரம் திரட்டி, உடல்நலம் கெட்டு, ஓய்வுக்காக அங்கே வந்தவர் அவர். அவருடைய மனைவி கதரின் டொரதியின் உற்ற தோழி. அன்று மதிய உணவுக்குப் பின் விருந்தாளிகளோடு சிறிது தூரம் நடந்து வந்து, வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்.

இதெல்லாம் எமக்கு எப்படித் தெரியும்? டொரதி ஒரு கொப்பியில் எழுதி வைத்ததால்தான். 1800 மே மாதம் வில்லியம் சில நாட்கள் வெளியூர் சென்றபோது, திரும்பி வந்து படித்தால் அவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும் என்று சொல்லி நாட்குறிப்பைத் தொடங்கினார். பாண் சுட்டது, துணி தோய்த்தது, தலைவலி வந்து படுத்தது, வாசலில் வந்து நின்ற பிச்சைக்காரி என்ன உடுத்திருந்தாள், நிலா எந்தப் பக்கம் எழுந்தது, எல்லாம் அதில் உண்டு. மருத்துவக் குறிப்பு எழுதிப் பழகிய எனக்கு அந்தக் கையை மிகவும் பிடிக்கும். கண்டதை அளவு குறையாமல், அலங்காரம் கூட்டாமல் எழுதும் கை.

அந்த ஏப்ரல் 15ஆந் திகதிக் குறிப்பையும் கவிதையையும் அருகருகே வைத்துப் படித்தால் ஒன்று விளங்கும். கவிதையில் இளங்காற்று வீசுகிறது. டொரதியின் குறிப்பில் வீசுவதோ மூச்சை அடைக்கும் காற்று. திரும்பிப் போய்விடலாமோ என்று கூட யோசித்திருக்கிறார்கள். முதலில் ஒரு படகுக் கொட்டிலிலும், பிறகு ஒரு முட்புதரின் மறைவிலும் ஒதுங்கி நிற்கிறார்கள். கோபரோப் பூங்காவைத் தாண்டிய மரச்சோலையில், நீரோரமாகச் சில பூக்களை மட்டும் முதலில் காண்கிறார்கள். ஏரி அலை விதைகளைக் கொண்டுவந்து கரையில் சேர்த்திருக்குமோ என்று பேசிக்கொள்கிறார்கள். நடக்க நடக்கப் பூக்கள் கூடுகின்றன. கடைசியில் கரைநெடுக ஒரு வீதியின் அகலத்துக்கு நிற்கின்றன. கவிதையில் எல்லாப் பூக்களும் ஆடுகின்றன. டொரதி மட்டும், ஆடாமல் கற்களின் மேல் தலை சாய்த்துக் களைத்துக் கிடந்த சில பூக்களையும் கவனிக்கிறார். வார்ட்டுக்குள் நுழைந்ததும் சிரித்துப் பேசும் நோயாளர்களைத் தாண்டி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவரிடம் கண் போகும் தாதி ஒருவரை எனக்குத் தெரியும். அந்த வகைக் கண் இது.

அன்று அவர்கள் உச்சிக்கு ஏறவில்லை. அது கோமகனின் மான்கள் மேயும் இடம். ஏரிக்கரையோடு நடந்து, மழையில் பற்றர்டேல் சேர்ந்து, ஒரு விடுதியில் பன்றி இறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். வில்லியம் யன்னல் மூலையில் கிடந்த புத்தகங்களைக் கிளறினார். சுடுநீர் கலந்த ரம் கொஞ்சம் குடித்தார்கள். கணக்கு ஏழு ஷிலிங். மேரியும் எங்களோடு இருந்திருக்கலாமே என்று நினைத்ததாகவும் டொரதி எழுதுகிறார். மேரி ஹட்சின்சன், அந்த ஒக்டோபரில் வில்லியமை மணக்க இருந்தவர்.

கவிதை உடனே பிறந்துவிடவில்லை. இரண்டு வருடங்கள் கழித்து, 1804இல் எழுதப்பட்டது, 1807இல் அச்சானது. அப்போது அதில் மூன்று செய்யுட்களே. நாம் பாடமாக்கிய நான்கு செய்யுள் வடிவம் 1815இல் வந்தது. அந்த இடைவெளியைக் கடக்க டொரதியின் கொப்பி அவருக்கு உதவியது என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. எழுதி முடித்தபோது தங்கை கவிதைக்குள் இல்லை. அவரோடு, வழியனுப்பிய கதரினும் முட்புதரும் மழையும் போயின. கவிஞர் தனியாளானார்.

இதில் வில்லியமைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. கவிதை சத்தியக்கடதாசி அல்ல. அவரே 1843இல், முதுமையில், தம் கவிதைகள் பிறந்த கதைகளைச் சொல்லும்போது, இந்தக் கவிதையின் மிகச் சிறந்த இரண்டு வரிகள் மேரி தந்தவை என்று திறந்த மனதோடு சொல்லியிருக்கிறார். மனக்கண் என்ற எண்ணம் வருகிறதே, எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்த இடம். அது மனைவியுடையது. அவர் சொன்னதை எழுதி எடுத்தவரும் ஒரு பெண்தான்: குடும்ப நண்பர் இசபெல்லா ஃபென்விக். ஆக, தனியாகத் திரிந்த ஒருவரின் கவிதைக்குப் பின்னால் கண்டு எழுதியவர் ஒரு பெண், சிறந்த வரிகளைத் தந்தவர் ஒரு பெண், அந்த உண்மையைக் காப்பாற்றித் தந்தவர் இன்னொரு பெண்.

டொரதியின் நடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1794 ஏப்ரலில், 22 வயதில், அவர் அண்ணனோடு கென்டலிலிருந்து கிராஸ்மியருக்கு 18 மைல், அங்கிருந்து கெசிக்குக்கு 15 மைல் என்று 33 மைல் நடந்தார். செய்தி உறவினர் காதுக்கு எட்டியது. தாய்மாமனின் மனைவி, எங்கள் முறையில் மாமி, கடிதம் எழுதிக் கண்டித்தார். குமர்ப்பிள்ளை ஒருத்தி ஊர் ஊராகக் கால்நடையாகத் திரிவதா என்ற கேள்வி. யாழ்ப்பாணமென்ன, கம்பிரியாவென்ன, மாமிமார் ஒரே பாடசாலையில்தான் படித்திருக்கிறார்கள். டொரதியின் பதில் கடிதம் இருக்கிறது. மரியாதையாகத்தான் எழுதினார், ஆனால் ஓரடியும் பின்வைக்கவில்லை. இயற்கை தந்த பலத்தைப் பயன்படுத்த எனக்குத் துணிவு இருப்பதை அறிந்து உறவினர் மகிழ்வார்கள் என்றல்லவா நினைத்தேன் என்றார். வண்டியில் குந்தியிருந்து போவதைவிட நடப்பதில் எவ்வளவோ இன்பம் என்றார். அதற்கு மேல், வண்டிக்கூலியில் குறைந்தது முப்பது ஷிலிங் மிச்சம் என்றும் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை வாசித்தபோது எனக்கு இந்தப் பெண்ணில் ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

24 வருடங்களுக்குப் பின், 1818 ஒக்டோபர் 7ஆந் திகதி, 46ஆவது வயதில், இங்கிலாந்தின் மிக உயர்ந்த சிகரமான ஸ்கஃபெல் பைக்கின் உச்சியில் அவர் நின்றார். உயரம் 978 மீற்றர். கூடப் போனவர் மேரி பார்க்கர் என்ற தோழி. வழிகாட்ட ஓர் இடையரும், சுமை தூக்க ஒருவரும், ஒரு பணிப்பெண்ணும். அண்ணன் இல்லை. அந்தப் பயணத்தை ஒரு நண்பருக்குக் கடிதமாக எழுதினார். 1822இல் வில்லியமின் ஏரி மாவட்ட வழிகாட்டி நூலின் புதிய பதிப்பு வந்தபோது அந்தக் கடிதம் திருத்தங்களுடன் உள்ளே இருந்தது. எழுதியவரின் பெயர் இல்லை. படித்தவர்கள் வில்லியமே ஏறினார் என்று எண்ணினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. டொரதியே அச்சில் தம் பெயரைக் காண விரும்பாதவர் என்பதும் உண்மை. தம்மை ஓர் எழுத்தாளராக முன்னிறுத்தும் எண்ணமே தமக்கு வெறுப்பு என்று கதரின் கிளார்க்சனுக்கு எழுதியிருக்கிறார். அந்த வெறுப்பில் எத்தனை பங்கு அவருடையது, எத்தனை பங்கு மாமிமாருடையது என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

1829இல் அவர் கடுமையாக நோயுற்றார். 1835 தொடக்கம் மனமும் தளர்ந்தது. அதன் பின் 20 வருடங்கள் வீட்டுக்குள்ளேயே. 33 மைல் நடந்த கால்களை உடையவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தோட்டத்து மேடையில் தள்ளிச் சென்றார்கள். என்ன நோய் என்று பிற்கால மருத்துவர்கள் பலவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடி பிடித்துப் பாராத நோயாளிக்கு, அதுவும் இத்தனை காலம் கழித்து, நோயின் பெயர் எழுத நான் துணியமாட்டேன். ஆனால் 1832இல், நோய்ப்படுக்கையில் இருந்தபடியே அவர் ஒரு கவிதை எழுதினார். நண்பர்கள் அறைக்குள் கொண்டுவந்த வசந்தகாலப் பூக்களைக் கண்டதும், நடந்த இடங்களுக்கெல்லாம் நினைவு அவரைத் திரும்பக் கூட்டிச் செல்கிறது. அண்ணனின் டஃபோடில் கவிதை சோபாவில் சாய்ந்திருப்பவரின் இன்பம். இது எழுந்து நடக்க முடியாதவரின் இன்பம். இரண்டையும் படித்தபின் எதை அதிகம் நம்புவது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் 1855இல் 83 வயதில் இறந்தார். நாட்குறிப்புகள் நூலாக வந்தது 1897இல், கவிதை அச்சாகி 90 ஆண்டுகளுக்குப் பின். அதுவும் அன்றாட விடயங்கள் தேவையில்லை என்று பதிப்பாசிரியர் பலவற்றை வெட்டிய நிலையில்.

இந்தக் கவிதையைப் பேரரசு எங்கெங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்ரிகுவாத் தீவில் பிறந்த ஜமேக்கா கின்கெய்ட் 1990இல் வெளியிட்ட 'லூசி' நாவலின் நாயகி, கரிபியன் தீவொன்றின் பெண்கள் பாடசாலையில் பத்து வயதில் இதைப் பாடமாக்கி ஒப்புவித்தவள். பிற்காலத்தில் உண்மையான பூவை முதன்முதலாகக் காணும்போது அவளுக்கு வருவது கோபம். நியாயமான கோபம். எங்களில் சிலருக்கும் அது உண்டு. ஆனால் அந்தக் கோபத்தோடும் ஒருமுறை டொரதியின் கொப்பியைத் திறந்து பார்க்கச் சொல்வேன். தன் பெயரில்லாமல் ஒப்புவிக்கப்பட்டவர் அவரும்தான்.

சரி, வேலிக்கு வருவோம்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ரயில் வந்தது. ஏரி மாவட்டத்தைத் தேடி நகரத்தவர் வந்தார்கள். பின்னாலேயே வசதி படைத்தவர்கள் ஏரிக்கரைகளை வாங்கி மாளிகை கட்டினார்கள். நடைபாதைகளுக்குக் குறுக்கே வேலிகள் எழுந்தன. கெசிக்கில் இருந்த ஹார்ட்விக் றோன்ஸ்லி என்ற பாதிரியார் இதற்கெதிராகப் போராடியவர். அவரும், றொபேர்ட் ஹன்ரர் என்ற சட்டத்தரணியும், ஒக்டேவியா ஹில் என்ற பெண்ணும் சேர்ந்து 1895இல் நஷனல் ட்ரஸ்ட் என்ற அமைப்பை உருவாக்கினார்கள். அழகான நிலங்களை விலைக்கு வாங்கி, என்றைக்கும் பொதுமக்களுக்காகப் பேணுவது நோக்கம்.

ஒக்டேவியா ஹில் மலையேறிப் புகழ் பெற்றவர் அல்லர். லண்டனின் சேரி வீடுகளைச் சீர்திருத்தியவர். அவருடைய தாய்வழிப் பாட்டனார் சவுத்வுட் சிமித் ஒரு வைத்தியர். லண்டன் காய்ச்சல் வைத்தியசாலையில் பணியாற்றி, நெருக்கமும் அழுக்குமே காய்ச்சலின் தாய்வீடு என்று அரசாங்கத்தின் காதில் ஓயாமல் ஓதியவர். அந்த வீட்டில் வளர்ந்த பேத்திக்கு, ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுத்தெழும் ஏழைகளுக்கு வெளியே உட்கார ஓர் இடம் வேண்டும், பிள்ளைகள் விளையாட ஓர் இடம், உலாவ ஓர் இடம், ஒருநாள் முழுதும் கழிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதில் வியப்பில்லை. இயற்கை ரசனை என்பதைவிட இதைப் பொதுச் சுகாதாரம் என்றே நான் வாசிக்கிறேன். அவரோடு எனக்கொரு வழக்கும் உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை வேண்டாம் என்று 1910இல் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் அவர். பெரிய மனிதர்களைக் குறையோடுதான் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏரி மாவட்டத்தில் அவர்கள் முதலில் வாங்கியது டேர்வென்ற்வோட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹோ என்ற 108 ஏக்கர் காணி. 6,500 பவுண் தேவைப்பட்டது. ஐந்தே மாதத்தில் சேர்ந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்கள் சில்லறையாக அனுப்பினார்கள். ஏரிகளை இனி நான் பார்க்கப்போவதில்லை, மற்றவர்களாவது பார்க்கட்டும் என்று எழுதி அனுப்பியவரும் உண்டு. 1902 ஒக்டோபரில் விக்டோரியா மகாராணியின் மகள் லூயிஸ் அதைத் திறந்து வைத்தார். திறப்பு விழாவில் அவரும் ஒக்டேவியாவும் மற்ற இரு நிறுவனர்களும் ஆளுக்கொரு ஓக் மரம் நட்டார்கள்.

அடுத்த பெரிய முயற்சிதான் கோபரோ. மான்பூங்கா விற்பனைக்கு வந்தது. ஏரியைப் பார்த்த சரிவுகளில் வீட்டுக் காணிகள் பிரிக்கப்படுமோ என்ற அச்சம். பரப்பு சுமார் 750 ஏக்கர். விலை 12,000 பவுணுக்கு மேல். பிராண்டல்ஹோவின் ஏறக்குறைய இரு மடங்கு. மறுபடியும் கடிதங்கள், கூட்டங்கள், நிதிப்பட்டியல்கள். எமது பழைய மாணவிகள் சங்கத்தில் ஒரு கட்டட நிதிக்காவது பட்டியல் தூக்கித் திரிந்தவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். 1906இல் கோபரோ மக்களின் நிலமாயிற்று. மறுவருடம் நிறைவேறிய சட்டமொன்று, ட்ரஸ்ட் தன் நிலங்களை மீண்டும் ஒருபோதும் விற்க முடியாதவை என்று அறிவிக்கும் அதிகாரத்தைத் தந்தது. டொரதி அடிவாரத்தோடு கடந்துபோன வேலி, 104 ஆண்டுகளில் இப்படித் திறந்தது. உச்சிக்கு ஏற இன்று எவர் கையையும் பார்க்க வேண்டியதில்லை.

நான் இங்கே வேலைக்கு வந்தபின் நாலைந்து முறை ஏறியிருக்கிறேன். ஏரா என்ற நீர்வீழ்ச்சியில் தொடங்கலாம். ஏறக்குறைய 20 மீற்றர் விழும் வெள்ளை நீர், குறுக்கே கற்பாலங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மரத்தில் ஒரு செவ்வணில். சோலையைத் தாண்டி ஒரு படலையைத் திறந்தால் மரங்கள் முடிந்துவிடும். புல்லும் பன்னமும் கல்லும். அங்கிருந்து உச்சி வரை ஏற்றம்தான். மூச்சு வாங்கும், ஆனால் பயப்படும்படி ஒன்றுமில்லை. ஹேர்ட்விக் ஆடுகள் நின்று பார்க்கும். குட்டியாக இருக்கும்போது கறுப்பாகவும் வயது போகப் போக நரைத்தும் வரும் இனம். உச்சியில் நில அளவைக்காரர் கட்டிய ஒரு தூண். மேற்கே ஹெல்வெலின் மலைத்தொடர் எழுந்து நிற்கும்.

போன வருடம் கனடாவிலிருந்து வந்த என் வகுப்புத் தோழியைக் கூட்டிச் சென்றேன். ஏறுவதற்கு முன் கிளென்கொயின் குடாப் பக்கம், நீரோரத்தில் காட்டு டஃபோடில்கள் நின்றன. கடைகளில் விற்கும் பெரிய பூ அல்ல இது. சாண் உயரம், வெளிர் இதழ், நடுவில் மட்டும் கடும் மஞ்சள்.

"என்னடி, இந்தச் சின்னப் பூவுக்கே நாங்கள் அவ்வளவு கத்தினது?" என்றாள்.

"மெல்லக் கதை, கேட்கப் போகுது."

குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இதில கனக்கப் படுத்துக் கிடக்குதுகள்" என்றாள். அவள் டொரதியின் குறிப்பைப் படித்தவள் அல்லள். அதைப் பற்றி அன்று உச்சிக்கு ஏறும் வழியில்தான் சொன்னேன். அவள் நாலு இடத்தில் நின்று இளைப்பாறினாள், நாலு இடத்திலும் மீதிக் கதையைக் கேட்டாள். மாமியின் கடிதத்துக்கு வந்ததும் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும் அப்படி ஒரு மாமி இருந்தார் என்பது எங்கள் வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

இறங்கும்போது வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. உச்சியிலிருந்து கிழக்கே இறங்கி, பழைய வேட்டைக் குடில் ஒன்றின் இடிபாட்டைச் சுற்றினால், மலையின் விலாவோடு ஏரியைக் கீழே பார்த்தபடி வரும் பாதை நீர்வீழ்ச்சியில் கொண்டுவந்து விடும். முழுச் சுற்றும் ஏழு கிலோமீற்றர் அளவில். பேசிக்கொண்டு நடந்தால் மூன்று மணித்தியாலம். லண்டனிலிருந்து வருபவர்கள் பென்றித் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து 508ஆம் இலக்க பஸ் எடுக்கலாம். பூக்களைப் பார்க்க வேண்டுமானால் மார்ச் கடைசியோ ஏப்ரல் முதற் கிழமையோ நல்லது. அதற்குப் பிந்தினால் பல வாடியிருக்கும். ஈரத்தில் வழுக்காத சப்பாத்து அவசியம், செருப்போடு வராதீர்கள். காதை மூடும் தொப்பியும் கொண்டுவாருங்கள். ஏரிக்கரைக் காற்றைப் பற்றி டொரதி எழுதியது சரி, வில்லியம் எழுதியது அல்ல.